எடுக்காமல் விட்ட சிரிப்பு

என் தம்பி இளவரசன் டென்மார்க்கில் சினிமா எடுக்கிறவன். "உன் தம்பி எடுத்த படம் எது, நாங்க பாத்திருக்கோமா?" என்று தெருவில் யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் படம் ஒன்றுகூடச் செஞ்சித் தியேட்டருக்கு வந்ததில்லை. எங்கெங்கோ குளிர் பிடித்த ஊர்களில் திரைப்பட விழா நடக்குமாம், அங்கே ஓடுமாம், வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்களாம். எதற்குக் கைதட்டுகிறார்கள்? எங்கள் நைனா கிணறு வெட்டியதற்கும், எங்கள் சின்னம்மா மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், பிள்ளை பெற்றதற்கும். போய் இருபத்தைந்து வருஷமாகிறது, இருக்கிற நாட்டைப் பற்றி ஒரு படம் எடுக்கவில்லை அவன். எல்லாம் செஞ்சிதான்.

அதிலும் முதல் இரண்டு படத்தை எடுத்தது செஞ்சியிலேயே இல்லை. அந்த நாட்டில் ஒரு தீவில் நம் ஊரைப் போலவே பாறை கிடக்கிறதாம். அங்கே நாலு தமிழ் ஆட்களைக் கூட்டிப்போய், வேட்டியைக் கட்டிவிட்டு, இதுதான் செஞ்சி என்று எடுத்துவிட்டான். கம்ப்யூட்டரில் அனுப்பிவைத்து, "எப்டிக்கா இருக்குது?" என்று கேட்டான்.

"பாறையெல்லாம் சரியாத்தான்டா இருக்குது. ஆனா ஒருத்தனுக்கும் கால் சுடலியே" என்றேன்.

போனை வைத்துவிட்டான். பாவம், சொல்லியிருக்க வேண்டாம். என் வாய் அப்படி. சத்துணவு அமைப்பாளராகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டி அதட்டி வரிசையில் உட்காரவைத்த வாய், தம்பி என்றும் பார்க்காது, கலெக்டர் என்றும் பார்க்காது.

அவன் ஊருக்கு வராமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அங்கே குடியிருப்பதற்கு நிரந்தரமான பேப்பர் கைக்கு வர வருஷக்கணக்காக இழுத்தடித்தார்கள். அது வராமல் நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் அம்மா அம்மாக்கண்ணு போய்ச் சேர்ந்தாள். இதோ வருகிறேன், இதோ கேட்டுப் பார்க்கிறேன் என்றான். ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். அவன் வரமுடியவில்லை. கடைசியில் செல்போன் வீடியோவில் அவனை வரவழைத்து, போனை அம்மா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றோம். தூக்கப்போகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது. பங்காளி வீட்டுக் கோதண்டராமன் கொள்ளி வைத்தான். நான் வந்தவர்களுக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

அதற்குப் பிறகு அவன் போன் செய்யும்போதெல்லாம் கேட்பான். "அம்மாவைத் தூக்கறப்ப மொதல்ல யாரு அழுதாங்கக்கா? கால் எந்தப் பக்கம் இருந்துது? கண்ணு மூடி இருந்துச்சா?" வருஷம் மாறும், கேள்வி மாறாது. அவனுக்குத் தூக்கம் வருவதில்லையாம். கண்ணை மூடினால் அம்மா அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் விழித்துக்கொண்டு வாசலையே பார்க்கிறாளாம். டாக்டரிடம் போடா என்றேன். "டாக்டரு இன்னாக்கா பண்ணுவாரு, நான் படம் எடுக்கப் போறேன்" என்றான்.

பேப்பர் கிடைத்து, பணம் கொடுக்கிற ஆள் கிடைத்து, இந்த வருஷம் சித்திரையில் வந்து இறங்கினான். கூடவே ஒரு வெள்ளைக்காரக் கேமராக்காரர். அவருக்கு நம் பாஷையில் தெரிந்த ஒரே சொல் தண்ணி. படம் அம்மாவின் சாவு. மகனாக நடிக்கப்போவது இளவரசனே.

செஞ்சியில் ஷூட்டிங் என்பது புதுசு இல்லை. கோட்டை இருக்கிறதே, யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் இலியாஸிடம் சொல்வார்கள். வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இந்த ஊரில் சினிமாவில் ஒரு தடவையாவது செத்து விழாத ஆம்பிளை பொம்பிளை குறைவு. ராஜா காலத்துப் படம் என்றால் அத்தனை பேரும் பிணம்தான்.

இலியாஸ் கூட்டிவந்தவர்களில் ராஜாம்பாளைப் பார்த்ததும் இளவரசன், "இவங்கதான்" என்றான். ராஜாம்பாள் எங்கள் தெருவிலேயே, தனகோட்டி வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருப்பவள். வல்லத்துப் பக்கத்துக்காரி. களை எடுக்கப் போவாள், மல்லாட்டை உடைக்கப் போவாள், ஷூட்டிங் வந்தால் அதற்கும் போவாள். புருஷன் இல்லை. ஒரே மகன் திருப்பூரில் இருக்கிறான். இருக்கிறான் என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் அம்மா ஜாடை அவளிடம் ஒரு துளி கிடையாது. ஆனால் தம்பி சொன்னால் சொன்னதுதான். அம்மாவின் அரக்குப் புடவையைக் கேட்டான். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மனசு ஒப்பவில்லை, இருந்தாலும் கொடுத்தேன்.

"எல்லாம் நிஜமா இருக்கணும், செட்டப்பா தெரியக்கூடாது" என்பது அவன் பாட்டு. நிஜமான மேளம், நிஜமாகச் சங்கு ஊதுகிறவர், நிஜமாகச் சடங்கு செய்கிறவர். இலியாஸுக்கு முகம் சுண்டிவிட்டது.

"சார், வாய்க்கரிசி மட்டும் வேணாம் சார். கையைக் கிட்டக் கொண்டுபோயி கட் பண்ணிக்கலாம். எல்லாரும் அப்டித்தான் எடுப்பாங்க."

"இல்ல இலியாஸ். போடணும்."

"செரி, உங்க இஷ்டம். ஆனா முடிஞ்சதும் சிரிப்பு ஷாட்டு எடுத்துடணும், அத மறந்துடாதீங்க."

"அதென்ன?" என்றான் இளவரசன்.

இத்தனை வருஷம் செஞ்சி செஞ்சி என்று படம் எடுத்தவனுக்கு இது தெரியவில்லை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சினிமாவில் ஒருத்தரைப் பிணமாகப் படுக்கவைத்து எடுத்தால், எடுத்து முடித்ததும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் சிரிக்காமல் மாலையைக் கழற்றமாட்டார். அந்தச் சிரிப்புப் படத்தில் வராது. ஆனால் அதை எடுக்காமல் விட்டால் செத்தது செத்ததாகவே நின்றுவிடும் என்பார்கள். இலியாஸ் விளக்கினார். தம்பி, "செரி செரி, பாத்துக்கலாம்" என்று கையை ஆட்டினான். அவன் மனசெல்லாம் வேறு எங்கோ இருந்தது.

எங்கள் வீட்டு வாசலில்தான் எடுத்தார்கள். ராஜாம்பாளைக் குளிப்பாட்டி, அரக்குப் புடவையைக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, பாடையில் கிடத்தினார்கள். ஒப்பாரிக்கு வந்த பொம்பிளைகள் முதலில் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏண்டி ராஜாம்பா, தூங்கிடாதடி, குறட்டை வரப்போவுது" என்று ஒருத்தி கேலி செய்ய, பிணமும் சிரித்தது. பிறகு தம்பி வந்தான். தெருமுனையிலிருந்து பையோடு ஓடிவந்து, அவள் காலடியில் விழுந்து, இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு, "அம்மா, வந்துட்டேம்மா" என்றான். அவ்வளவுதான். நடிப்பாவது மண்ணாவது! அத்தனை வருஷமாக அடைத்துவைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. பொம்பிளைகள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள், அப்புறம் எல்லாரும். அவரவர் வீட்டில் செத்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு அழுது தீர்த்தார்கள். வெள்ளைக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் அழுகை வரவில்லை. உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்தேன்.

வாய்க்கரிசி போட்டார்கள். ராஜாம்பாள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

அம்மாவைத் தூக்கியபோது பொம்பிளைகள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அதுதான் முறை. இது ஷூட்டிங் ஆயிற்றே, நானும் போனேன். சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல் இருக்கிறது. அதன் முன்னால் பாடையை இறக்கி, உள்ளே போக உத்தரவு கேட்டு, திசை மாற்றித் தூக்கினார்கள். அந்தக் கல்லைத் தாண்டினவர் திரும்புவது இல்லை. கட்டைமேல் கிடத்தினார்கள். தம்பி தோளில் குடத்தை வைத்துக்கொண்டு சுற்றிவந்தான். சுற்றுக்கு ஒரு ஓட்டை போட்டார்கள், தண்ணீர் பீறிட்டது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தான். கொள்ளியை அவன் திரும்பாமல் பின்கையால் நீட்ட, வேறு ஆள் அதை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு, நெருப்பு எரிவதைப் பிறகு வைக்கோல் பொம்மை வைத்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. இளவரசன் பார்க்கவில்லை. நடந்தான். கேமராவைத் தாண்டி நடந்தான், எங்களைத் தாண்டி நடந்தான், ரோட்டில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்து, "போலாம்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டான். "டைரக்டர் சார்! சார்! சிரிப்பு ஷாட்டு!" என்று இலியாஸ் பின்னாலேயே ஓடினார். கார் போயே போய்விட்டது. அந்த ஷாட்டை முடிப்பதாகச் சொல்ல வேண்டியவன் டைரக்டர். டைரக்டர்தான் மகன். மகன் திரும்பக்கூடாது. வெள்ளைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கேமராவை நிறுத்தி மூடிவிட்டார்.

ராஜாம்பாள் கட்டைமேல் கண்ணை மூடியபடியே கிடந்தாள். எழுந்திரு என்று யாராவது சொல்வார்கள் என்று கிடந்திருக்கிறாள். வெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது. "ராஜாம்பா, எழுந்திரு, முடிஞ்சிபோச்சு" என்று நான்தான் போய்த் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். யார் என்று தெரியாத மாதிரி பார்த்தாள். எனக்கு உள்ளங்காலில் ஜில்லென்றது. அந்த வெயிலில்.

அவள் தெருவுக்குள் திரும்பி நடந்துவந்தபோது உச்சிவேளை. அரக்குப் புடவை, நெற்றியில் காசு ஒட்டியிருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம், வாயோரம் அரிசி. காலையில் இந்தத் தெருவே அழுது அனுப்பிவைத்த பிணம் நடந்துவருகிறது. குழாயடியில் நின்ற பொம்பிளைகள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். பிள்ளைகள் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். எங்கள் தெரு நாய், கழுதை வந்தாலும் குலைக்கும், அன்றைக்கு எழுந்து வாலைச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

தனகோட்டி அவளைத் துரத்தவில்லை, அதைச் சொல்லிவிடவேண்டும். வாசலில் மஞ்சள் தண்ணி தெளித்தாள், பின்கட்டுக்குப் போகிற நடுக்கதவைத் தாழ் போட்டாள். "மணி, நான் இன்னா பண்ணட்டும்? வீட்ல புள்ளத்தாச்சி பொண்ணு இருக்குது. தலப்பிரசவம். அந்தச் சிரிப்ப மட்டும் எடுத்துடச் சொல்லு உன் தம்பிய. நானே கைய புடிச்சி உள்ள கூட்டினு வரேன்" என்றாள்.

எனக்கு இந்த மாதிரிச் சமாசாரத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. இரண்டு நாள் போனால் மறந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். சோறு எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். ராஜாம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவையை மாற்றவில்லை. தட்டை வாங்கினாள். ஒரு பிடி உருட்டிச் சுவர்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள். எங்கிருந்தோ ஒரு காக்கா உடனே வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

"நீ சாப்டு, ராஜாம்பா" என்றேன்.

"சாப்ட்டாச்சு இல்ல" என்றாள். காக்கா போன பக்கத்தைக் காட்டினாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தண்ணீர் மட்டும் குடித்தாள். கன்னம் ஒட்டிப்போய், எங்கள் அம்மா ஜாடை ஒரு துளி இல்லை என்றேனே, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தாடை, மூக்கு, கண் உள்ளே போன விதம். பெட்டிக்குள் நான் பார்த்த முகம். பகல் வெளிச்சத்தில் அந்த முகத்துக்கு எதிரே உட்கார என்னால் முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தேன். திருப்பூருக்குப் போன் போட்டுப் பார்த்தோம், நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

என் வீட்டிலோ தம்பி சந்தோஷமாக இருந்தான். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த ஷாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான், பார்த்துப் பார்த்து அழுதான், அழுதுவிட்டு அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினான். "அக்கா, இத்தினி வருஷத்துல இப்பத்தான் தூங்குறேன்" என்றான். "அம்மா கண்ண மூடிட்டா" என்றான். அந்த முகத்தைப் பார்த்தபிறகு அவனிடம் எப்படிக் கேட்பது? ஆனாலும் கேட்கவேண்டியிருந்தது.

கோட்டையில் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் பாறையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அங்கேயே போய் நின்றேன். குரங்கு ஒன்று கேமராப் பெட்டியைத் திறக்கப் பார்க்க, வெள்ளைக்காரர் அதோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு சிரிப்புடா. கேமராவை வெச்சி ஒரு நிமிஷம். அவ்ளோதான. எடுத்துடு."

"முடியாதுக்கா."

"ஏன்டா முடியாது? உனக்கு இது மூடநம்பிக்கையாத் தெரியுதா? நீதான் சடங்கு சடங்குன்னு ஊரையே கூட்டி வெச்சி எடுத்த. உன்னுது மட்டும் பண்பாடு, இலியாஸ் சொன்னா மூடநம்பிக்கையா?"

"அதில்லக்கா." பாறையில் உட்கார்ந்துகொண்டான். "அவங்க எழுந்து சிரிச்சிட்டா, நான் அழுதது நடிப்பாயிடும். நான் கொடம் உடைச்சது நடிப்பாயிடும். அம்மா மறுபடியும் அந்தப் பொட்டியில கண்ணத் தொறந்துடும். உனக்குப் புரியுதா? நான் அம்மாவுக்குப் பண்ணியிருக்கறது இது ஒண்ணுதான்."

புரிந்தது. புரியாமல் என்ன? ஆனாலும் கோபம்தான் வந்தது. "நடிப்புதான்டா! சினிமாதானடா எடுத்த! அங்க ஒருத்தி நெஜமா சாவுறாடா!" என்று கத்தினேன். கோட்டைக் காவல்காரர் எட்டிப் பார்த்தார். தம்பி எழுந்து வந்தான். "நான் வந்து பாக்குறேன். பாக்குறது மட்டும்தான்" என்றான்.

இலியாஸையும் வெள்ளைக்காரரையும் வண்டியில் வரச்சொல்லிவிட்டு, அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். ராஜாம்பாள் பாயில் மல்லாக்கப் படுத்திருந்தாள். கால் பெருவிரல் இரண்டும் சேர்ந்திருந்தன. யாரும் கட்டவில்லை, தானாகவே அப்படி வைத்திருந்தாள். தம்பி வாசப்படியிலேயே நின்றுவிட்டான்.

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"வந்துட்டியா கண்ணு. மறுநாளே வந்து பால் ஊத்தணும். உனக்கு யாரும் சொல்லலியா? செரி போவுது. கருமாதிக்காவது இருப்பியா?"

தம்பி ஒரு அடி உள்ளே வந்தான். "ராஜாம்பாளம்மா, அது படம்" என்றான்.

"தெரியும் கண்ணு. நான் எத்தினி படத்துல செத்திருக்கேன்! போர்ல செத்திருக்கேன், வெள்ளத்துல செத்திருக்கேன். எழுந்து சிரிச்சிட்டு, சோத்துப் பொட்டலத்த வாங்கினு வந்துடுவேன். அப்பல்லாம் எனக்காவ யாரும் அழுவல." மூச்சு வாங்கினாள். "நீ அழுத. என் கால ரெண்டையும் புடிச்சினு அம்மான்னு அழுத. என் வவுத்துல பொறந்தது அப்டி அழுவாது. அது வரவே வராது, எனக்குத் தெரியும். எழுந்தா எனக்கு யாருமில்ல. படுத்திருந்தா புள்ள இருக்குது. நான் இன்னாத்துக்கு எழுந்திரிக்கணும், சொல்லு."

தாழ் போட்ட நடுக்கதவுக்குப் பின்னால் தனகோட்டி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

தம்பி அவள் பக்கத்தில் மண்டி போட்டான். "நான் இருக்கேம்மா. எழுந்தாலும் இருக்கேன்" என்றான்.

"வாய மூடுறா" என்றேன். "டிக்கெட்டு போட்டு வெச்சிருக்க. அவகிட்டயும் பொய் சொல்லாத."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "இலியாஸ், கேமராவை இங்க வெக்கச் சொல்லுங்க" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. வெள்ளைக்காரர் முக்காலியை விரித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. தம்பி அவள் முகத்தை நேராகப் பார்த்தான். இத்தனை நாளில் அப்போதுதான் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"ராஜாம்பாளம்மா, நான் அழுதது உங்களுக்கு இல்ல. எங்கம்மாவுக்கு. உங்க முகத்த நான் பாக்கவே இல்ல. காலைப் புடிச்சப்பவும் அது எங்கம்மா காலுன்னுதான் புடிச்சேன். நான் உங்க புள்ள இல்ல. என்னை மன்னிச்சிடுங்க. நீங்க சாவல."

கொடுத்த அழுகையைத் திருப்பி வாங்கிக்கொண்டான். அறை வாங்கினவள் மாதிரி ராஜாம்பாள் அவனைப் பார்த்தாள். மெள்ள முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "அப்ப எனக்காவ அழ யாருமே இல்ல" என்றாள். "சிரிம்மா, சிரிச்சிடும்மா" என்று இலியாஸ் கெஞ்சினார். எங்கே சிரிப்பது?

எனக்கு வந்ததே ஆத்திரம்! யார்மேல் என்று கேட்டால் தெரியாது. திருப்பூர்க்காரன்மேல், தம்பிமேல், அந்தச் சிவப்பு விளக்குமேல்.

"ஏண்டி, உனக்காவ அழுவறதுக்கு ஆளா இல்ல? நான் இங்கதான் கெடக்குறேன், எந்த நாட்டுக்கும் போவல. நீ செத்தா நான் அழறேன்டி. இவன் அழுததெல்லாம் ஒரு அழுகையா? தெருவே திரும்பிப் பாக்கறமாதிரி அழறேன், போதுமா? மொதல்ல எழுந்து சோத்தத் தின்னு!"

ராஜாம்பாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாயோரம் கோணிக்கொண்டது.

"நீயா?" என்றாள். "நீ அழுவியா? பெத்த ஆத்தா செத்ததுக்கே அழுவாதவ! காபி ஆத்தினு இருந்தியாமே, சக்கர போதுமா போதுமான்னு கேட்டுனு!"

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது அவளுக்கு. பட்டினி கிடந்த உடம்பு, சிரிக்கக்கூடத் தெம்பில்லை, இருமிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சக்கர போதுமாவாம்!" என்று மறுபடியும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "கேமராவைப் பாரும்மா, கேமராவைப் பாரு!" என்று இலியாஸ் குதித்தார். பார்த்தாள். நேராகப் பார்த்துச் சிரித்தாள். தடால் என்று நடுக்கதவின் தாழ் திறந்தது. தனகோட்டி சொம்புத் தண்ணியோடு உள்ளே வந்து, கையைப் பிடித்து அவளை எழுப்பினாள். பின்னாலேயே அவள் மகள், பெரிய வயிற்றைத் தாங்கிக்கொண்டு, சிரிக்கிறவளை வேடிக்கை பார்த்தாள்.

எல்லாரும் அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். ரசம் கரைக்கச் சொல்லித் தனகோட்டி கத்துவது கேட்டது. நான் பின்கட்டிலேயே நின்றேன். அவள் சொன்னது பொய்யில்லை. நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டு நின்றேன், சர்க்கரை போதுமா என்று. அப்போதும் அழுகை வரவில்லை.

தம்பி கேமராவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது, யாரும் இல்லாத பாயை அது எடுத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் நிறுத்தலாமா என்று சைகையில் கேட்டார். அவன் பார்க்கவில்லை.

"அக்கா" என்றான்.

"இன்னாடா."

"அப்ப அம்மாவுக்கு நான் இன்னும் ஒண்ணும் பண்ணல இல்ல?"

நீ பண்ணிட்டடா, எல்லாம் முடிஞ்சிபோச்சுடா என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது அக்காவாக இருந்தால் சொல்லியிருப்பாள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இல்லடா" என்றேன். "ரெண்டு பேருமே பண்ணல."